தோட்டம் விலைபோன காலம்
வரலாற்றுத் தொடர் – பகுதி 14

1957 ஆகஸ்டு 31இல் சென்ற வாரம் நின்றோம். கோலாலம்பூரில் கொடி ஏறிவிட்டது. அந்த நாள்வரை தோட்டத் தமிழன் வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மேலே போவோம்.

1941இல் ஆர். எச். நாதன் பின்னால் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் திரண்டன. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக்கூடாது, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்று கேட்டார்கள். பதிலாகப் பட்டாளம் வந்தது. ஐந்து உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பான்காரன் இறங்கிவிட்டான். சயாம் மரண ரயில்பாதைக்கு லாரி லாரியாக ஆள் போனது. போனவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் திரும்பவில்லை. 1931இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலுமாக 6 லட்சத்து 20 ஆயிரத்தை ஒட்டியிருந்த இந்தியர் தொகை, 1947 கணக்கெடுப்பில் 6 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. 1930களின் ரப்பர் வீழ்ச்சியில் ஊர் திரும்பியவர்களும் அந்தக் குறைவில் உண்டு. சயாம் காட்டில் மடிந்தவர்களும் உண்டு.

பிறகு 1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம். 1949 மே மாதத்தில் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். 1954இல் ஐந்து சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பி. பி. நாராயணன் அதை நடத்திச் சென்றார். பேச்சுவார்த்தை மேசையில் தோட்டத் தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

சுதந்திரம் வந்துவிட்டது, சங்கம் இருக்கிறது, துப்பாக்கிச் சத்தமும் அடங்கி வருகிறது. இனி மூச்சு விடலாம் என்று நினைத்த நேரத்தில்தான் அடுத்த இடி இறங்கியது. அது இறங்கிய இடம் சொத்துப் பதிவேடு.

*

ஒருநாள் காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு முடிந்து, வாளியும் உளியுமாக நிரைக்குள் போனவர்கள் அளவைக்காரர்களைப் பார்த்தார்கள். மரங்களுக்கு நடுவே சங்கிலி இழுத்துப் பிடித்திருந்தார்கள். முளைக்குச்சி அடித்து, தலையில் சாயம் தடவிக்கொண்டு போனார்கள்.

கணக்கெழுதும் கிராணியைக் கேட்டால் அவருக்கும் ஒன்றும் தெரியாது. வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கு அதுவும் தெரியாது. துரை மூட்டை கட்டுகிறார் என்று பங்களாவில் சமைப்பவர் சொன்ன பிறகுதான் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் விஷயம் பரவும். தோட்டம் விற்றாகிவிட்டது. முழுதாகவும் விற்கவில்லை. துண்டு துண்டாக.

மலேசியத் தமிழர் இதைத் தோட்டத் துண்டாடல் என்பார்கள். 1950களின் தொடக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆரம்பித்தது, சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வேகம் எடுத்தது. லட்சக்கணக்கான ஏக்கர் இப்படிக் கைமாறியது.

ஏன் விற்றார்கள்?

முதல் காரணம் மரத்தின் வயது. போருக்கு முன் நட்ட மரங்கள் கிழடு தட்டியிருந்தன. ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டுகளில் கவனிப்பும் இல்லை. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கண்டெடுத்த புதிய ஒட்டு ரகங்களோ பழைய மரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பால் தந்தன. போட்டியில் நிற்க வேண்டுமானால் பழையதை வெட்டிப் புதியதை நட வேண்டும். நட்டால் ஆறேழு ஆண்டு உளி வைக்க முடியாது. அந்த ஆறேழு ஆண்டுகளைத் தாங்கும் பணமும் பொறுமையும் எல்லாக் கம்பெனிக்கும் இல்லை.

இரண்டாவது காரணம் கொரியப் போர். 1949இல் ராத்தலுக்குச் சராசரி 38 காசு விற்ற ரப்பர், 1951இல் 1 வெள்ளி 69 காசுக்குப் போனது. மலாயாவின் நகரங்களில் அந்த ஓரிரு ஆண்டுகளில் புழங்கிய பணத்தை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. கையில் பணம் வைத்திருந்த வணிகர், கடைக்காரர், மருத்துவர், வழக்கறிஞர் எல்லாருக்கும் நிலத்தின்மேல் கண் விழுந்தது.

மூன்றாவது காரணம் அச்சம். தோட்டத் துரைமார் பலர் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் கையில் செத்திருந்தார்கள். 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னியே பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுதந்திர மலாயா வெள்ளைக்காரன் சொத்தை என்ன செய்யும் என்று லண்டன் பங்குதாரருக்குத் தெரியவில்லை. நல்ல விலை கேட்டு ஒருவன் வரும்போதே கைகழுவிவிடலாம் என்ற எண்ணம் சிறிய, நடுத்தரக் கம்பெனிகளில் வலுத்தது.

கேட்டு வந்தவர்கள் தரகுக் குழுக்கள். அவர்களுடைய கணக்கில் சூட்சுமம் எதுவும் இல்லை. ஆயிரம் ஏக்கரை ஒரே ஆளால் வாங்க முடியாது. பத்து ஏக்கர் வாங்க ஊரில் நூறு பேர் இருப்பார்கள். மொத்தமாக வாங்கித் துண்டு போட்டு விற்றால் ஏக்கருக்கு ஏக்கர் விலை ஏறும். வாங்கியவர்களில் எல்லா இனத்தாரும் இருந்தார்கள். இதை ஓர் இனத்தின் சதியாகப் பேசுபவர்களை இன்றும் பார்க்கலாம். எனக்கு அது உண்மையாகப் படவில்லை. லாபம் இருந்த இடத்துக்குப் பணம் போனது. நடுவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நின்றன.

*

விற்பனைப் பத்திரத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று கவனிக்க வேண்டும்.

நிலம் இருந்தது. மரம் இருந்தது. பால் ஸ்டோர், புகைக்கூடம், பங்களா இருந்தன. லயமும் இருந்தது. லயத்தில் குடியிருந்தவன் மட்டும் எந்த வரியிலும் இல்லை.

வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடு போகும். கிணறு, ஆயாக் கொட்டகை, மருந்துக் கொட்டகை, பள்ளிக்கூடம், சுடுகாட்டுக்குப் போகிற பாதை எல்லாமே தோட்டத்துக்குச் சொந்தம். மாரியம்மன் கோயில் நின்ற மண்கூட அப்படித்தான். மூன்று தலைமுறையாகக் கும்பிட்ட அம்மன், ஒரே நாளில் முகம் தெரியாத ஒருவரின் எட்டு ஏக்கருக்குள் போய்விடுவாள்.

பள்ளிக்கூடம் எப்படிக் கரைந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி நடத்த வேண்டும். மலாயாவின் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி இந்த விதியில் முளைத்தவை. தோட்டம் நாற்பது துண்டானால் முதலாளிகளும் நாற்பது பேர். எவருடைய துண்டிலும் பத்துப் பிள்ளை இருக்காது. யாரையும் கேட்க முடியாது. வாத்தியார் சம்பளத்துக்கு ஆளில்லை, கூரை ஒழுகினால் பார்க்க ஆளில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளியிலிருந்து நிற்பார்கள்.

புள்ளிவிவரத்திலும் இதேதான் நடந்தது. 100 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால் எஸ்டேட். குறைந்தால் சிறு தோட்டம். அரசாங்க அட்டவணையில் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கியதும், அங்கே உழைத்தவர்கள் எஸ்டேட் தொழிலாளர் என்ற எண்ணிக்கையிலிருந்தே மறைந்து போனார்கள்.

பத்து ஏக்கர்க்காரருக்கு நிரந்தர ஆள் தேவையில்லை. வெட்டின பாலில் பங்கு என்று பேசிக் குத்தகைக்கு விடுவார், அல்லது காண்டிராக்டரிடம் ஒப்படைப்பார். 1951இல் சட்டமான ஊழியர் சேமநிதிக்கு முதலாளி கட்டவேண்டிய பங்கு அங்கே வராது. சங்கம் பேசி வாங்கிய கூலி ஒப்பந்தமும் செல்லாது. கிழவர்கள் முதலில் வேலையை இழந்தார்கள். அடுத்துப் பெண்கள். கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் கொண்டுவந்த சம்பளத்தில் ஓடிய வீடு ஒருவர் சம்பளத்துக்கு இறங்கியது. அதுவும் மழை இல்லாத நாளில்.

நாராயணனின் சங்கம் போராடியது, அறிக்கை விட்டது, நட்டஈடு கேட்டது. ஆனால் சங்கத்தின் பலமெல்லாம் ஒரு முதலாளி, ஒரு தோட்டம், ஆயிரம் தொழிலாளி என்ற அமைப்பில் இருந்தது. எதிரே முதலாளியே நாற்பதாகச் சிதறி நின்றபோது யார்மீது வேலைநிறுத்தம் செய்வது?

*

கிள்ளானை அடுத்த காப்பார் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது விளங்கும்.

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையின் இரு பக்கமும் மலாயா ரப்பரின் தொட்டில் என்று சொல்லத்தக்க பெருந்தோட்டங்கள் கிடந்தன. வாலம்புரோசா கம்பெனி 1904இலேயே எடின்பரோவில் பதிவானது. பக்கத்தில் ஜாலான் அக்கோப். கிள்ளானை ஒட்டி புக்கிட் ராஜா, ஹைலண்ட்ஸ், நார்த் ஹம்மோக். இவை பெரும்பாலும் ஏஜென்சி நிறுவனங்களின் கண்காணிப்பில் இருந்த பெரிய கைகள். பழைய மரத்தை வெட்டிப் புதிதாக நட அவர்களால் முடியும். கடலோரக் களிமண்ணில் செம்பனை நன்றாக வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே இத்தகைய பெருந்தோட்டங்கள் முதல் அலையில் அறுபடாமல் நின்றன.

அவற்றுக்கு நடுவே கிடந்த சிறுதோட்டங்களுக்கு அந்தக் கவசம் இல்லை. ஒரு கால்வாய்க்கு இந்தப் பக்கம் பெரட்டு மணி அடிக்கும். அந்தப் பக்கம் அண்ணன் குடும்பம் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும். கொள்வினை கொடுப்பினை எல்லாம் இந்தத் தோட்டங்களுக்குள்தான். நெகிரி செம்பிலானில் துண்டான தோட்டத்துச் சேதி கல்யாண வீட்டில் காப்பாருக்கு வரும். ஜொகூர்ச் சேதி கருமாதியில் வரும்.

இன்று நமக்கு அடி விழவில்லை, நாளை விழாது என்று யார் சொன்னது? இந்தக் கேள்வி 1958, 59இல் பெருந்தோட்ட லயங்களிலும் குடியேறிவிட்டது. பின்னால் லயங்களிலிருந்து ஒரு பொதுக் காரியத்துக்குப் பணம் திரண்டதற்கு இந்தப் பயம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். அடி விழுந்தவனிடம் கொடுக்கக் காசு இருந்திருக்காது. அடியை எதிர்பார்த்தவனிடம்தான் இருந்தது.

*

வீ. தி. சம்பந்தனை இன்றைய இளையவர்கள் பிரிக்பீல்ட்ஸ் சாலைப் பெயராகத்தான் அறிவார்கள். பூக்கடைகளில் மாலைகள் தொங்கும் அந்தச் சாலையில் நடக்கிற பலருக்கு, அவர் தோட்டத்துக்குத் தோட்டம் போய்ப் பணம் கேட்டவர் என்று தெரியாது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1919 ஜூன் 16, சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து ரப்பர்த் தோட்டம் கண்டவர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1948 ஜூன் 16, அவருடைய இருபத்தொன்பதாவது பிறந்தநாளில், அதே சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது அந்தச் சம்பவத்தில்தான். தோட்டத்தில் பணமும் பகையும் எப்படி ஓடும் என்பதை அவர் வாசலிலேயே கண்டவர்.

1954இல் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளியை எழுப்பினார். 1955இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். அமைச்சரானார். 

துண்டாடல் அவர் மேசைக்கு வந்தபோது மூன்று வழிகள் இருந்தன. சட்டம் போட்டுத் தடுப்பது ஒன்று. ஆனால் நிலம் மாநிலங்களின் அதிகாரத்தில் இருந்தது. சொத்தை விற்கும் உரிமையில் கைவைக்கப் புதிய அரசு தயங்கியது. வெளிநாட்டு முதலீடு ஓடிவிடும் என்ற கவலை வேறு. இரண்டாவது, வேலையிழந்தவர்களுக்கு அரசாங்க நிலக் குடியேற்றம். 1956இல் தொடங்கிய பெல்டா திட்டங்களில் தமிழருக்குக் கிடைத்த இடம் மிகச் சொற்பம். மூன்றாவது வழியைக் கேட்டவர்கள் சிரித்திருக்கக்கூடும்.

தோட்டத்தைத் தொழிலாளியே வாங்குவது.

1960 மே 14இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதே ஆண்டு ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுக்கு வந்தது. முள்வேலிகள் கழற்றப்பட்ட ஆண்டில், முளைக்குச்சிகளுக்குப் பதில் தேடும் முயற்சியும் தொடங்கியது.

*

ஒரு பங்கு 100 வெள்ளி. ஒரே தடவையில் கட்ட எவராலும் ஆகாது. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

இன்று பத்து வெள்ளி ஒருவேளைச் சாப்பாடு. அன்று பால் வெட்டுபவரின் நாள் கூலி ஏறத்தாழ மூன்று வெள்ளி. அதாவது மாதத்தில் மூன்று நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. விடிவதற்கு முன் எழுந்து, முந்நூறு நானூறு மரத்துக்குக் குனிந்து நிமிர்ந்து, தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால் சுமந்து வந்த மூன்று நாள்.

சம்பள நாளை நினைத்துப் பாருங்கள். கிராணி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். பெயர் கூப்பிட்டதும் போய்ப் பணத்தை வாங்கித் திரும்பினால், சற்றுத் தள்ளிக் கடைக்காரர் பற்று நோட்டோடு நிற்பார். வட்டிக்குக் கொடுத்தவரும் நிற்பார். கள்ளுக்கடை பக்கத்திலேயே இருக்கும். இத்தனையும் தாண்டிப் பத்து வெள்ளி மிஞ்ச வேண்டும். மிஞ்சிய பணத்தை, கண்ணால் காணாத ஒரு தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டும்.

கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்பதுதான் இந்த வாரத்தின் நடுக் கேள்வி.

ஒரு காரணம் பழக்கம். மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922இலேயே வந்துவிட்டது. தோட்டங்களில் சிக்கன நாணயச் சங்கங்கள் நடந்துவந்தன. மாதச் சந்தா, ரசீது, பாஸ் புத்தகம் எல்லாம் தொழிலாளிக்குப் புதிதில்லை. படிக்காதவன் பாமரன் என்று அவனை எழுதியவர்கள் இந்தப் பழக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொன்று, கேட்டு வந்த ஆள். அமைச்சர் ஒருவர் லயத்து வாசலில் வந்து நின்று, உங்கள் பணத்தைக் கொடுங்கள், நிலமாக்கித் தருகிறேன் என்று கேட்பது அதற்கு முன் நடக்காத காரியம். சம்பந்தன் இரவு பகலாக அலைந்தார். அவரோடு உழைத்த கே. ஆர். சோமசுந்தரம் பின்னாளில் பல பத்தாண்டுகள் சங்கத்தை வழிநடத்தினார்.

மூன்றாவதை எந்த ஆவணமும் சொல்லாது. சயாமுக்குப் போய்த் திரும்பிய தலைமுறை அது. ஆள்கணக்காக லாரியில் ஏற்றப்பட்டபோது கேட்க நாதியில்லாமல் போனதை உடம்பால் அறிந்தவர்கள். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் தாள்கள் ஒரே நாளில் குப்பையானதைக் கண்டவர்கள். தாளை நம்பாதே, மண்ணை நம்பு என்பது அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் கிடைத்த பாடமில்லை.

சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். தொடர்ந்து வேறு மாநிலங்களிலும் வாங்கினார்கள்.

கிள்ளான் கரையில் பால் வெட்டுபவர் கட்டிய பணம், நாட்டின் வட மூலையில் அவர் ஒருபோதும் போகாத தோட்டத்தில் ஒரு லயத்தைக் காப்பாற்றியிருக்கும். தனக்கென்று ஒரு காணி என்பதைத் தாண்டி, யாரோ ஒரு தமிழனின் வீடு கலையாமல் இருக்கட்டும் என்ற ஏற்பாடு இது. மலாயா முழுவதும் சிதறிக் கிடந்த தோட்டத் தமிழர் சேர்ந்து எடுத்த முதல் பெரிய பொருளாதார முடிவு என்று நான் இதைத்தான் சொல்வேன்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பங்குதாரர் என்ற பெயர் வந்த பிறகும் விடிகாலைப் பெரட்டு மாறவில்லை. கூலி அதே சந்தைக் கூலி. அங்கே வேலை செய்தவன் பங்குதாரராகவும் கூலியாகவும் ஒரே நேரத்தில் இருந்தான். நிர்வாகத்தில் அவன் குரல் எவ்வளவு தூரம் கேட்டது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. காப்பாற்றிய ஏக்கரைவிடக் கைவிட்டுப்போன ஏக்கர் பல மடங்கு.

*

அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் இந்த முளைக்குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பொருளியல் பேராசிரியர் உங்கு அசிஸ். மலாய்க் கிராமத்து வறுமையை ஆராய்ந்தவர். ஹஜ் பயணத்துக்குச் சிறுகச் சிறுகச் சேமிக்க ஒரு நிதியம் வேண்டும் என்று 1959இல் யோசனை சொன்னவர். ஏழையின் சிறுசேமிப்பு நிறுவனமானால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை அவரும் மாணவர்களும் களத்தில் இறங்கி ஆராய்ந்தார்கள். வேலையிழப்பு, கூலிக் குறைவு, வீட்டு வசதியின் சிதைவு, மறுநடவு நின்றுபோனது என்று ஒவ்வொன்றாகப் பதிவானது. துண்டாடலால் நாட்டுக்கே நட்டம் என்று அறிக்கை சொன்னது. ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் ரப்பரிலிருந்து வந்த நாட்டில் அது சின்ன எச்சரிக்கை இல்லை.

அரசு உடனே சட்டம் கொண்டுவரவில்லை. தோட்ட நிலத்தை விற்க அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு நிலச் சட்டத்தில் பின்னாளில்தான் நுழைந்தது. அதற்குள் பெரும்பாலான முளைக்குச்சிகள் வேலியாகியிருந்தன.

துண்டான தோட்டங்களிலிருந்து வெளியேறியவர்கள் எங்கே போனார்கள்? சிலர் பக்கத்துப் பெருந்தோட்டத்தில் உறவுக்காரர் லயத்தில் ஒண்டினார்கள். சிலர் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடந்து, ஆற்றோரத்திலும் ரயில் தண்டவாளத்தை ஒட்டியும் பலகை வீடு போட்டார்கள். நகரத்துத் தமிழ் ஏழ்மைக்கு ஒரு தொடக்கம் அங்கே இருக்கிறது.

*

இதையெல்லாம் மீறி 1960களின் நடுவில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. பங்குப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிய குடும்பங்கள் பெருகின. கூட்டுறவுத் தோட்டங்களின் எண்ணிக்கை கூடியது.

ஆனால் அதே தகரப் பெட்டியில் இன்னோர் அட்டையும் இருந்தது. அடையாள அட்டை. குடிமகனுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு.

1957இல் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி எளிதானது. தேவையான ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் போதும். முதல் ஓராண்டுக்கு மலாய்மொழித் தேர்வும் கிடையாது. நீல அட்டை வாங்கியவர்கள் பலர். வாங்காதவர்களும் ஏராளம். பிறப்புச் சான்று இல்லை, பதிவு அலுவலகம் தொலைவு, ஒரு நாள் கூலி போகும், எப்படியும் ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம் என்று ஆயிரம் காரணம். சிவப்போ நீலமோ, பால் ஒரே நிறம்தானே என்று வேலையைப் பார்த்தார்கள்.

1968இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய இனி அனுமதிச் சீட்டு வேண்டும். அடுத்த ஆண்டு மே 13இல் இனக் கலவரத்தில் கோலாலம்பூர் பற்றி எரிந்தது. அதன்பின் அந்தச் சட்டம் தோட்டத்து வாசலுக்கு வந்தது.

பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டி மலேசிய மண்ணில் பங்கு வாங்கிய ஒருவர், சிவப்பு அட்டையோடு அதிகாரியின் மேசை முன் நின்றார். அவர் பங்குதாரரா, அந்நியரா?

(அடுத்த வாரம்)